விடைக்குக் கணக்குக் காட்டுதல்

குளத்துப் பூ மானுக்கு முன் கொடு (3)

இதைப் படித்ததும் ஒரு குளக்கரை, கையில் பூவோடு ஒருவர், எதிரே ஒரு மான் என்று காட்சி விரிந்தால் புதிர் போட்டவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள். அந்தக் காட்சியைக் கலைப்பதுதான் இனி உங்கள் வேலை.

'குளத்துப் பூ' என்பது விடையின் நேர்பொருள். மூன்றெழுத்தில் குளத்துப் பூ என்றால் அல்லி வரும், குவளை வரும், தாமரையும் வரும். சாதாரணக் குறுக்கெழுத்தாக இருந்தால் குறுக்கே ஓர் எழுத்து விழும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கிரிப்டிக் குறுக்கெழுத்தில் மீதிச் சொற்களே எந்தப் பூ என்று சொல்லிவிடும். மரை என்பது ஒருவகை மான். கொடு என்றால் தா. மானுக்கு முன்னால் 'தா' நின்றால் தாமரை.

கட்டத்தில் தாமரை என்று எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்குத் தாவுகிறவர் பாதி வழிதான் வந்திருக்கிறார். குளத்துப் பூ, மான், முன், கொடு என்று நான்குக்கும் கணக்குக் காட்டிய பிறகே அந்த விடை அவருடையதாகிறது. இந்த அத்தியாயம் முழுவதும் நான் வற்புறுத்தப்போவது இந்த ஒன்றைத்தான். விடை தெரிந்தும் ஒரு சொல் கணக்கில் வராமல் நின்றால் விடை பிழையாக இருக்கும். இல்லையென்றால் குறிப்பு பிழையாக இருக்கும். எது பிழை என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கடினமான புதிரும் கைக்கு வரும்.

இந்த வகைப் புதிருக்கு இங்கிலாந்துதான் பிறந்த வீடு. குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளேட்டில் ஆர்தர் வின் போட்ட கட்டத்தோடு தொடங்கியது. அதில் இருந்தவை வெறும் நேர்பொருள்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த பிறகு அதற்குள் சொல்விளையாட்டு புகுந்தது. 1926 முதல் லண்டனின் அப்சர்வர் வார ஏட்டில் எட்வர்ட் பாய்ஸ் மாதர்ஸ் என்பவர் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் குறிப்பு முழுவதையும் மறைபொருளாகவே எழுதினார். அவருக்குப் பின் அதே ஏட்டில் சிமெனிஸ் என்ற பெயரில் புதிர் போட்ட டெரிக் மக்நட் 1966-இல் வெளியிட்ட நூலில் குறிப்புக்கு நெறி வகுத்தார். துல்லியமான நேர்பொருள் ஒன்று, விடையை நேர்மையாக உருவாக்கித் தரும் சொல்விளையாட்டு ஒன்று, இவற்றைத் தவிர வேறெதுவும் கூடாது. இன்று ஆங்கிலத்தில் புதிர் போடுகிறவர்களில் மிகப் பலர் இந்த எல்லைக்குள்தான் நிற்கிறார்கள். நம் ஊரில் பலருக்கு இந்தப் பழக்கம் தி இந்து ஆங்கில நாளேட்டின் புதிர் வழியாக வந்தது. தமிழிலேயே இந்தப் பாணியில் எழுத முடியும் என்பதை அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் தொடர்ந்து காட்டியிருக்கிறார்.

கட்டம் இறக்குமதி. சொல்லை உடைத்து விளையாடுவது நமக்குப் பழைய சங்கதி. தண்டியலங்காரம் சித்திரகவிகளைச் சொல்லும் இடத்தில் வினாவுத்தரம் என்று ஒன்று வரும். ஒரு சொல்லின் துண்டுகள் தனித்தனிக் கேள்விகளுக்கு விடையாகும். துண்டுகளைச் சேர்த்த முழுச்சொல் கடைசிக் கேள்விக்கு விடையாகும். தாமரைக் குறிப்பு அதே இனம். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைப்பது கரந்துறை செய்யுள். ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே போக வேறு வேறு சொல் வருவது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எழுத்து வருத்தனம். திருப்பிப் படித்தாலும் அதுவே வருவது மாலைமாற்று. சம்பந்தர் ஒரு பதிகத்தையே அப்படிப் பாடியிருக்கிறார். இவற்றின் பெயரைக் கேட்டிராதவர்கள்கூடச் சிலேடையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். ஆகவே தமிழ் வாசகர் கிரிப்டிக்கைக் கண்டு தயங்க வேண்டிய காரணமே இல்லை.

முதலில் தையலைத் தேடுங்கள். நேர்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில் இருக்கும். நடுவில் ஒருபோதும் இராது. மீதி எல்லாம் சொல்விளையாட்டு. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தையல் இருக்கிறது. புதிர் போட்டவர் தன் திறமை முழுவதையும் அந்தத் தையலை மறைப்பதில்தான் செலவழிக்கிறார். காற்புள்ளியை நம்பாதீர்கள், அது வாசிப்புக்காக வைத்தது, பிரிப்புக்காக வைத்தது அன்று. ஒன்றாகவே சொல்லிப் பழகிய இரண்டு சொற்களுக்கு நடுவேகூடத் தையல் ஓடும்.

பெரிய விளக்கு நூல் போல (3)

இதை எடுத்ததும் எல்லாரும் 'பெரிய' என்ற பக்கத்திலிருந்து நேர்பொருளைத் தேடுவார்கள். 'போல' என்பது உவமை உருபு, இணைப்புக்கு வந்தது என்று தள்ளிவிடுவார்கள். இங்கே நேர்பொருளே 'போல'தான். பெரிய என்றால் மா. விளக்கில் போடும் நூல் திரி. சேர்த்தால் மாதிரி. குறிப்பில் மிக எளிமையாகத் தெரியும் சொல்லை முதலில் சந்தேகியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து தேடி வழி கிடைக்கவில்லை என்றால் மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பதுதான் புதியவர்களின் நேரத்தை மிகுதியாகத் தின்கிறது.

மேலே பார்த்த இரண்டும் கூட்டல் வகை. தமிழ்ப் புதிர்களில் இதற்குத்தான் பெரும்பங்கு, ஏனென்றால் ஒரே எழுத்தில் முழுப்பொருள் தரும் சொற்கள் நம்மிடம் ஏராளம். நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. மா என்றால் பெரிய, குதிரை, விலங்கு, ஒரு மரம், ஒரு நில அளவு. கோ அரசனும் ஆகும், பசுவும் ஆகும். ஆ என்றாலும் பசு. ஈ பறக்கும், கொடுக்கவும் சொல்லும். பா பாட்டு, நா நாக்கு. தை மாதம், தைக்கச் சொல்லும் ஏவலும்கூட. இரண்டெழுத்தில் பரி, கரி, அரி, வரை போன்றவற்றைப் பொருள்களோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். புதிர் போடுகிறவர்கள் திரும்பத் திரும்ப அந்தக் கிடங்கில்தான் கை வைக்கிறார்கள். பழைய தமிழ் எண்களும் அதே கிடங்கில் உண்டு. ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, பத்துக்கு ய, காலுக்கு வ. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் 'எட்டேகால்' என்ற வசை 'அவ' என்று பிரிவது இந்தக் கணக்கில்தான்.

கூட்டலில் தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் புணர்ச்சி. ஒட்டும் இடத்தில் எழுத்துக் குறையலாம்.

பசு கொடுத்த துணி, காய்ச்சினால் மேலே வரும் (3)

பசு கொடுத்தது பால், துணி என்பது ஆடை. தனித்தனியே எண்ணினால் நான்கு எழுத்து, கட்டமோ மூன்று. ல், ஆ என்ற இரண்டும் கலந்து லா ஆகிவிட, பாலாடை மூன்று கட்டத்தில் அடங்குகிறது. எண்ணிக்கை ஒன்று கூடுகிறது என்பதற்காகச் சரியான விடையைக் கைவிடாதீர்கள். முதல் துண்டு மெய்யில் முடிகிறதா, அடுத்தது உயிரில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

முழுச்சொல்லுக்குப் பதில் ஒரே ஓர் எழுத்து தேவைப்படும்போது தலை, முதல், தொடக்கம் என்று குறிப்புப் பேசும். வால், கடை, முடிவு என்றால் கடைசி எழுத்து.

கம்பன் தலையில் முளைக்கக் கூடியது, பாட்டு (3)

கம்பன் தலை க. முளைக்கக் கூடியது விதை. விடை கவிதை. மேலே ஓடும் பொருளும் உள்ளே ஓடும் பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இப்படிப்பட்ட குறிப்பு வாய்த்தால் விடையை எழுதிய பின்னும் ஒரு கணம் நின்று பாருங்கள். தலை பறிபோகும் வகையும் உண்டு. 'குதிரை தலையிழந்தால் படம் ஓடும்' (2) என்றால் கு போய்த் திரை மிஞ்சும்.

அடுத்தது ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவது. உள்ளே, நடுவே, விழுங்கிய, சூழ்ந்த, அணைத்த போன்ற சொற்கள் இதற்குச் சைகை. தமிழில் வேற்றுமை உருபும் சைகையாகவே வேலை செய்யும். '-க்குள்', '-இல்' ஆகியவற்றை இலக்கணத்துக்கு வந்தவை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மக்கள் நடுவே அன்னை, சண்டை இல்லாத நிலை (5)

மக்கள் என்றால் சனம். அன்னை மாதா. ச, னம் இரண்டுக்கும் நடுவே மாதா வந்து உட்கார்ந்தால் சமாதானம். இதில் எனக்குப் பிடித்தது செருகும் முறை மட்டுமன்று. மக்கள் நடுவே அன்னை வந்து நின்றதும் சண்டை ஓய்கிறது என்று குறிப்பே ஒரு சிறுகதை சொல்கிறது. இன்னொன்று:

மரத்துக்குள் முடிவில்லாக் கதவு, பச்சைக்கல் (5)

கதவின் முடிவை எடுத்தால் கத. அதை மரம் என்ற சொல்லுக்குள் வைத்தால் மர-கத-ம். இங்கே மரம் அப்படியே கொடுக்கப்பட்டிருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் வேறு சொல் தேடிப் பழகியவர்கள் மா, தரு, விருட்சம் என்று அலைந்துவிட்டு வருவார்கள். நேராகவும் பார்க்கத் தவறாதீர்கள்.

ஒளித்துவைத்தல் வகையில் விடை அப்படியே உங்கள் கண்முன் இருக்கும்.

அம்மா தவித்ததில் அகப்பட்ட ஆடல்மகள் (3)

'அம்மா தவித்ததில்' என்பதை இடைவெளி விடாமல் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: அ, ம், மா, த, வி, த், த, தி, ல். மூன்றாம் எழுத்திலிருந்து மாதவி. மணிமேகலையின் தாயே அவள் என்பதால் குறிப்பின் மேற்பொருளும் கதைக்குப் பொருந்துகிறது. தமிழில் இந்த வகைக் குறிப்பு எழுதுவது கடினம். வல்லினம் மிகும் இடங்களில் ஓர் ஒற்று குறுக்கே வந்து எழுத்துத் தொடரை உடைத்துவிடும். அதனால் அவிழ்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு: இரண்டு சொற்கள் ஒற்று மிகாமல் சற்று விநோதமாக அடுத்தடுத்து நின்றால் அந்த எல்லையில் தேடுங்கள்.

கலைத்துப் போடும் வகையில் எழுத்துகள் முழுவதும் கொடுக்கப்பட்டிருக்கும், வரிசை மட்டும் மாறியிருக்கும். கலைந்த, குலுங்கிய, சிதறிய, புரண்ட, குழம்பிய என்று ஏதாவது ஒரு கலவரச் சொல் பக்கத்தில் நிற்கும்.

வெப்பமானியில் ஏறி இறங்குவது பாச ரதம் குலுங்கியதால் (5)

'குலுங்கியதால்' சைகை. அதை ஒட்டி நிற்கும் 'பாச ரதம்' சரியாக ஐந்து எழுத்து: பா, ச, ர, த, ம். தமிழில் உயிர்மெய்யைப் பிரிக்காமல் எழுத்தை முழுசாகவே நகர்த்துகிறோம். ஐந்தை எப்படி எல்லாம் மாற்றிப் போடுவது என்று மலைக்க வேண்டாம், இலக்கணம் பெரும்பகுதியை வெட்டிவிடும். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது, ஆகவே ம் முதலில் வராது. நடுவில் வந்தால் அதற்குப் பின் ப, ம, ய, வ வரிசைகளே வரும். இங்கே இருப்பது பா ஒன்றுதான், அதை வைத்துச் சொல் எதுவும் அமையவில்லை. ஆகவே ம் கடைசியில். மிச்சம் நான்கு எழுத்து. ரதம், சரம், ரசம் என்று வால் அமைத்துப் பார்க்கும்போதே ரசத்தில் வெப்பமானி கண்ணில் படும். விடை பாதரசம்.

இந்த எழுத்து விதிகளை இன்னும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலப் புதிர் அவிழ்ப்பவருக்குக் கிடைக்காத ஆயுதம் இது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் எல்லாம் கட்டத்துக்குள் உயிர்பெற்று எழும். ண, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகளில் சொல் தொடங்காது. ட, ர, ல வரிசைகளில் தொடங்கினால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொல். க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் தமிழ்ச் சொல் முடியாது. ஒரு கட்டத்தில் ங் விழுந்தால் அடுத்த கட்டத்தில் க வரிசை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். ஞ் என்றால் ச வரிசை, எப்போதாவது ஞ. ந் என்றால் பெரும்பாலும் த வரிசை. க், ச், த், ப் நான்கும் தத்தம் வரிசையோடு மட்டுமே கூடும். பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் மட்டும் இதற்கு விலக்கு. குறுக்கே விழுந்த ஒரே ஒரு மெய் அடுத்த கட்டத்துக்கும் பாதி விடை சொல்லிவிடுவதால், கட்டத்தில் முதலில் நிரப்ப வேண்டியவை மெய்யெழுத்து நிறைந்த சொற்கள் என்பது என் அனுபவம்.

திருப்புதல் வகை தமிழில் குறைவு. காரணம் மேலே சொன்னதுதான்: மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் மெய்யில் தொடங்கும், அப்படி ஒரு சொல் இல்லை. ஆகவே உயிரிலோ உயிர்மெய்யிலோ முடியும் சிறு சொற்களே இதற்குப் பயன்படும். 'சிவாவைத் திருப்பிப் படி' (2) என்றால் வாசி. கடைசிச் சொல் நேர்பொருள்.

சிலேடை வகையில் சொல்விளையாட்டே கிடையாது. இரண்டு நேர்பொருள்கள் ஒட்டி நிற்கும்.

சிவன் ஏறிவந்தது புதிர் போட்டவரிடம் இருக்கும் (2)

விடை என்றால் காளை. விடை என்றால் பதில். குறிப்பு மிகச் சுருக்கமாக இருந்து, சைகைச் சொல் எதுவும் கண்ணில் படாவிட்டால் சிலேடையாக இருக்குமோ என்று பாருங்கள்.

இனி சற்றுக் கடினமான ஒன்றைத் தொடக்கத்திலிருந்து சேர்ந்தே அவிழ்ப்போம்.

திரும்பி நின்ற யானையை விழுங்கிய பாம்பு, பண்பட்ட வாழ்க்கை முறை (5)

யானையை விழுங்கும் பாம்பு என்ற காட்சி இழுக்கிற இழுப்பில் பலர் பாம்பின் பெயரைத்தான் தேடுவார்கள். ஐந்தெழுத்தில் மலைப்பாம்பு வராது, கருநாகம் வரும். கருநாகம் என்று எழுதிவிடத் தோன்றும். இங்கேதான் கணக்குக் கேட்க வேண்டும். பாம்பு நேர்பொருளானால் அது குறிப்பின் ஓரத்தில் இருக்க வேண்டும்; இருப்பதோ நடுவில். கருநாகத்துக்குள் யானை எங்கே? 'பண்பட்ட வாழ்க்கை முறை' எதற்கு வந்தது? மூன்றுக்கும் பதில் இல்லை. கருநாகத்தை விட்டுவிடுவோம்.

ஓரங்கள் இரண்டு. இடது ஓரத்தில் 'திரும்பி நின்ற' என்பது சைகை போலத் தெரிகிறது, நேர்பொருள் போல இல்லை. அப்படியானால் நேர்பொருள் வலது ஓரத்தில்: பண்பட்ட வாழ்க்கை முறை. மீதியில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. யானையைத் திருப்ப வேண்டும். திருப்பியதைப் பாம்புக்குள் வைக்க வேண்டும். மொத்தம் ஐந்து எழுத்து, ஆகவே யானைக்கும் பாம்புக்கும் சிறு சொற்கள் தேவை. யானைக்கு வேழம், களிறு, பிடி, கரி, தும்பி, ஆனை என்று பல பெயர்கள். திருப்ப வேண்டியது என்பதால் வேழம் மெய்யில் தொடங்க நேரும், ஆனால் உள்ளே செருகப்படுவதால் அது குற்றமில்லை. அதனால் எதையும் அவசரமாகத் தள்ள முடியாது. பாம்புக்கு அரவு, அரவம், நாகம், சர்ப்பம், பணி. பாம்பு மூன்று எழுத்தானால் யானை இரண்டு. நாகம் மூன்று, கரி இரண்டு. கரியைத் திருப்பினால் ரிக. நாகத்தின் நா, க, ம் இடையே ரிக போக வேண்டும். நா-வை அடுத்து வைத்தால் நாரிககம், பொருளில்லை. க-வை அடுத்து வைத்தால் நாகரிகம்.

பண்பட்ட வாழ்க்கை முறை நாகரிகம். திரும்பி நின்ற யானை ரிக. விழுங்கிய பாம்பு நாகம். மிச்சம் ஒரு சொல்லும் இல்லை. இன்னொரு பயனையும் பாருங்கள்: நாகரிகமா, நாகரீகமா என்ற சந்தேகம் எழுத்திலும் பேச்சிலும் இருந்துகொண்டே இருக்கிறது. கட்டத்தில் எழுதும்போது கரி என்ற யானை குறில்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நேர்பொருளை மட்டும் நம்பி எழுதியவர் நெடிலைப் போட்டுவிட்டுக் குறுக்கே வரும் சொல்லில் மாட்டிக்கொள்வார்.

விளக்கம் எழுதுவது தனிப் பழக்கம். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விடைக்கும் ஒரே வரியில் எழுதுங்கள். நேர்பொருளின் கீழே கோடு போடுங்கள். செருகலை அடைப்புக்குள் காட்டுங்கள்: நாக(ரிக)ம், ச(மாதா)னம், மர(கத)ம். கூட்டலுக்கு + குறி போதும்: தா + மரை. கலைத்ததை * குறியாலும் திருப்பியதை ← குறியாலும் காட்டலாம். எழுதி முடித்ததும் குறிப்பைச் சொல் சொல்லாக விரல் வைத்துப் படியுங்கள். விரல் நிற்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரியில் இடம் இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து அவிழ்ப்பதானால் விடை சொன்னவரே விளக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஊகத்தில் வந்த விடைகள் அப்போதே உதிர்ந்துவிடும்.

நேர்பொருளும் விடையும் இலக்கணத்தில் ஒத்துவர வேண்டும் என்பதும் கணக்கில் சேர்த்தி. பெயருக்குப் பெயர், ஏவலுக்கு ஏவல். ஒரு வாக்கியத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துப் பாருங்கள், வாக்கியம் நிற்க வேண்டும். 'மேலே வரும்', 'படம் ஓடும்' என்பது போல வினைமுற்றால் பெயரைச் சுட்டுவதைத் தமிழ்ப் புதிர்கள் அனுமதிக்கின்றன. 'மேலே வருவது' என்பதன் சுருக்கமாக அதை எடுத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் சலுகை கூடாது என்பது என் கருத்து.

விரல் ஒரு சொல்லில் நின்று, எவ்வளவு தேடியும் கணக்குக் கிடைக்கவில்லை என்றால் குறிப்பைக் குறைசொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இதைப் பாருங்கள்:

மங்கம்மா தலையோடு துரை வந்த அழகான ஊர் (3)

விடை மதுரை என்பதில் ஐயமில்லை. மங்கம்மா தலை ம, அதோடு துரை. ஆனால் 'வந்த' எதற்கு? 'அழகான' எதற்கு? ஊர் என்ற நேர்பொருள் எத்தனை ஆயிரம் ஊர்களுக்குப் பொருந்தும்? விடையின் மூன்று எழுத்தில் இரண்டைத் துரை என்று அப்படியே கொடுத்துவிட்டு வாசகருக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்? மரகதத்தில் மரத்தை நேராகக் கொடுத்தது வாசகரை ஏமாற்றியது. இங்கே நேராகக் கொடுத்தது சோம்பல். இப்படித் திருத்தலாம்:

மங்கம்மாவின் முதலிடத்தை அடுத்து வெள்ளைக்கார அதிகாரி, வைகைக்கரை நகர் (3)

முதலிடம் ம, அடுத்து துரை, நேர்பொருள் ஊரை அடையாளம் காட்டுகிறது, ஒட்டாத சொல் எதுவும் இல்லை. அவிழ்க்கிறவர் இப்படித் திருத்திப் பழகுவது நல்லது. நான்கைந்து குறிப்புகளைத் திருத்திப் பார்த்தவருக்குப் புதிர் போடுகிறவர் எங்கே சொல்லை மறைப்பார் என்பது புரிந்துவிடும்.

பயிற்சிக்கு ஐந்து. விடையை எழுதுவதற்கு முன் விளக்கத்தை எழுதுங்கள்.

எச்சரிக்கை! காட்டுக்கு முன் கரடித் தலை (4)

எட்டு மலை, பந்தலில் காய்ப்பது (3)

ஆகாயத்துக்குள் கருடன் தலை, ஏறிச் செல்ல உதவும் (4)

எழுத உதவும் இராவணனிடம் இருப்பவை (3)

பெரிய தாலுகா, கலெக்டர் பொறுப்பில் இருப்பது (5)

முதலாவதில் கரடித் தலை க, காடு வனம்; க + வனம் = கவனம், நேர்பொருள் எச்சரிக்கை. இரண்டாவதில் எட்டு பழைய எண்ணில் அ, மலை வரை; அ + வரை = அவரை. மூன்றாவதில் ஆகாயம் வானம், கருடன் தலை க; வா(க)னம் = வாகனம். கருடனே வாகனம் என்பதால் மேற்பொருளும் பொருந்தி நிற்கிறது. நான்காவதில் நேர்பொருள் 'எழுத உதவும்'. பத்துத் தலை இராவணனுக்கு இருபது கை, அதாவது பல கை; பல + கை = பலகை. ஐந்தாவதைக் கூட்டல் என்று கண்டுகொள்வது எளிது: பெரிய என்றால் மா, தாலுகா வட்டம். ஆனால் தையல் எங்கே என்று கேட்டால் சற்று யோசிக்க வேண்டும். 'பெரிய தாலுகா' சொல்விளையாட்டு, 'கலெக்டர் பொறுப்பில் இருப்பது' நேர்பொருள் என்று பிரித்தால் கணக்கு முடிந்துவிடுகிறது. மாவட்டம் என்பதே பல வட்டங்களை அடக்கிய பெரிய நிர்வாகப் பிரிவுதான் என்பதால் குறிப்பு முழுவதையுமே நேர்பொருளாகவும் படிக்கலாம். முழுக் குறிப்பும் ஒரே நேரத்தில் நேர்பொருளாகவும் சொல்விளையாட்டாகவும் நிற்கும் வகை அரிதானது. அப்படிப்பட்டதற்கு விளக்கம் எழுதும்போது கோட்டைக் குறிப்பு முழுவதன் கீழும் போடுங்கள்.